இரவல் மாடுகள்

ஸைமெரின் விருந்தினர் அறையில், ஒரு விருந்தாளி சொன்னதை மறுத்துப் பேசியவர் இதுவரை யாருமில்லை. மறுக்க விஷயம் இல்லாமல் அல்ல, எக்கச்சக்கமாக இருந்தது. போர் முடிந்த நாளிலிருந்து லுக்மிர் கிராமத்துக்கு உதவி செய்ய ஏதாவது ஒரு நாட்டுக்காரர் வந்துகொண்டேதான் இருந்தார். ஒருவர் தேனீ வளர்க்கலாம் என்றார். தலையாட்டினார்கள். வீட்டுக்கு வீடு தேன்பெட்டி வந்தது, வாங்க ஆளில்லாமல் எல்லோரும் எல்லோருக்கும் தேன் பரிசளித்துக்கொண்டார்கள். இன்னொருவர் கணினி அறை கட்டிக் கொடுத்தார். அதில் இப்போது வெங்காயம் காய்கிறது. வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் ஸைமெர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டவர்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதரிடம் போய், ஐயா, உங்கள் யோசனை எங்களுக்குப் பயன்படாது என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

நெஜ்மியேவுக்கு வந்தது. ஆனால் அவள் நாக்கு அவளுடையது இல்லை, நகராட்சியுடையது. வெளிநாட்டு உதவிகளைக் கவனிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. வருகிறவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவர்கள் பேசுவதை அல்பேனியத்திலும் ஊர்க்காரர்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. போதாக்குறைக்கு லுக்மிர் அவள் பிறந்த ஊர். ஸைமெர் அவளுடைய அப்பாவின் அண்ணன். பெரியப்பா வாயிலிருந்து வரும் ஒவ்வொரு "ஆமாம்"ஐயும் அவள்தான் பல வருடமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கொசோவோ என்ற நாடே சின்னப்பிள்ளை. "என் செருப்புக்கு இந்த நாட்டைவிட வயசு அதிகம்" என்று ஸைமெர் கிண்டலடிப்பார். சின்னப்பிள்ளைக்கு ஊரே சேர்ந்து சட்டை தைத்துப் போடுவதுபோல ஆளாளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அளவு எடுக்கத்தான் யாருமில்லை. அளவைச் சொல்லவும் யாருமில்லை என்பது நெஜ்மியேவுக்கு அதைவிடப் பெரிய எரிச்சல்.

இந்த முறை வந்தவர் பின்லாந்துக்காரர். வெய்க்கோ என்று பெயர். உத்தரத்தில் தலை இடிக்கிற உயரம், அதிகம் பேசாத சுபாவம். முதல் நாள் ஸைமெர் வீட்டில் அவருக்கு ஃப்லியா செய்திருந்தார்கள். மாவை மெல்லிசாக ஊற்றி, தணல் மூடியை மேலே வைத்து, அது வெந்ததும் அடுத்த அடுக்கு என்று பாதி நாளை விழுங்குகிற பண்டம். பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் நிறையத் தயிர். வெய்க்கோ தயிரை நாலு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்படிப் பால் இருக்கிற ஊருக்கு ஒரு பால் குளிரூட்டும் நிலையம் இருந்தால் நல்லது" என்றார்.

நெஜ்மியே அதை மொழிபெயர்த்தாள். அறையில் சுற்றிவர மெத்தையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் இருந்தவை இரண்டே கிழட்டு மாடுகள். இளவட்டங்கள் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போனபோதே மாடுகளும் சந்தைக்குப் போய்விட்டன. தயிர் நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. வாங்கி வந்தவளே நெஜ்மியேதான்.

"வாயில சர்க்கரையைப் போடணும் ஐயாவுக்கு" என்றார் ஸைமெர். "எங்க மனசுல இருந்ததைச் சொல்லிட்டாரு."

அடுத்த முறை வரும்போது மாடுகளைப் பார்க்க முடியுமா என்று வெய்க்கோ கேட்டதுதான் தாமதம், ஊர் பரபரப்பானது. வேறு ஊராக இருந்தால் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பார்கள். லுக்மிர்காரர்களுக்கோ விருந்தாளி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்வதற்குப் பதில், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் போய் ஒரு மந்தையையே இரவல் வாங்குவது சுலபமாகப் பட்டது. வாடகையாகத் தேன் கொடுத்தார்கள். வெய்க்கோ வந்த அன்று பசுஞ்சரிவு முழுக்க மாடுகள் மேய்ந்தன. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். சாயங்காலம் ஆனதும் அவை, யாரையும் கேட்காமல், வரிசையாக மலையேறித் தங்கள் ஊரைப் பார்த்து நடையைக் கட்டின.

"அந்தப் பக்கம் புல்லு நல்லாருக்கும்" என்று ஸைமெர் முகம் மாறாமல் சொன்னார். நெஜ்மியே அதையும் மொழிபெயர்த்தாள். வெய்க்கோ மாடுகள் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு தடவை வருகிறேன் என்றார்.

மூன்றாம் தடவையும் வந்தார். சாப்பிட்டார். தேநீர்க் கரண்டியைக் கண்ணாடிக் குவளையின் மேல் குறுக்கே வைத்தால்தான் போதும் என்று அர்த்தம் என்பது தெரியாமல், ஊற்ற ஊற்றக் குடித்தார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று எல்லோரையும் கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாம் பிரமாதம் என்றார்கள். அப்படியானால் வரும் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்.

அன்று நெஜ்மியே குவளைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனபோது கனிமெத்தே தொட்டியருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். கனிமெத்தே ஸைமெரின் மருமகள். புருஷன் விசார் ஜெர்மனியில் கட்டட வேலை. மாமியார் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். மூன்று வயதில் இரட்டைப் பையன்கள், ஒருவன் மேசைக்கு அடியிலும் ஒருவன் மேசைக்கு மேலும் இருந்தார்கள்.

"என்னாச்சு கனிமெத்தே?"

"தையல் கம்பெனியில இருந்து போன் வந்துச்சுக்கா. திங்கக்கிழமைக்குள்ள சேரணுமாம். இல்லாட்டி வேற ஆளைப் போட்டுருவாங்களாம்."

"வேலை கெடைச்சிருச்சா? அதுக்கா அழுவுற?"

"இவனுங்கள என்ன பண்றது? மாமா ஒருநாள் பாத்துக்கறேன்னாரு. சாயங்காலம் வந்து பாத்தா, அவரு தொப்பிய அடுப்புல போட்டுட்டானுங்க. மாமா பீரோ மேல ஏறி உக்காந்திருக்காரு." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, சிரித்துக்கொண்டே மறுபடி அழுதாள். "எனக்கு மட்டுமில்லக்கா. இந்தத் தெருவுல அஞ்சாறு பேரு இருக்கோம். பால்வாடி ஒண்ணு இருந்தா போதும். வல்தெத்தே அதுக்குன்னே படிச்சுட்டு வீட்டுல சும்மா கெடக்குறா. அந்த மனுஷன் மூணு தடவை வந்து என்ன வேணும் என்ன வேணும்னு கேக்குறாரு. இவங்க மாடு காட்டுறாங்க!"

நெஜ்மியேவுக்கு ரத்தம் தலைக்கேறியது. நேரே பெரியப்பாவிடம் போனாள். வெய்க்கோ வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நானே அவர்கிட்ட சொல்லிடறேன். கார்ல போறப்ப சொல்லிக்கறேன்."

"என்னன்னு சொல்லுவ? உங்க பெரியப்பன் ஒரு புளுகன், அடுத்த ஊரு மாட்டக் காட்டி ஏமாத்தினான்னா?" ஸைமெரின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "அதுவும் எதுக்கு? எங்க வீட்டு மருமக வேலைக்குப் போகணும்னு. வந்த விருந்தாளிகிட்ட சொந்தக் காரியத்துக்குக் கையேந்தினான்னு ஊரு சிரிக்கும். நம்ம வீட்டுல, நம்ம ரொட்டியத் தின்ன மனுஷனை, நம்ம வீட்டுல வச்சு எதுத்துப் பேசுற பழக்கம் எனக்கில்ல. பெசா குடு. நீயா வாயத் தொறந்து அவர்கிட்ட இதப்பத்தி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்னு குடு."

பெசா கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். உயிர் போனாலும் வாக்கு போகக் கூடாது. நெஜ்மியே பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் காரில் நெஜ்மியே பெரியப்பாவை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். நம்ம வீட்டுல, நம்ம வீட்டுல என்று எத்தனை தடவை சொல்கிறார் மனிதர். நகர எல்லையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோதுதான் அது உறைத்தது. நம் வீட்டில் வைத்துத்தானே கூடாது?

"வெய்க்கோ," என்றாள், விளக்கு பச்சையானதைக் கவனிக்காமல், "ஒரு வீட்டில் மூன்று தடவை சாப்பிட்டால், அவர்களை ஒரு தடவையாவது நம் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். எங்கள் பழக்கம் அது."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. வெய்க்கோவின் முகத்தில் நல்ல கலவரம் தெரிந்தது.

"என் வீட்டுக்கா? எத்தனை பேர் வருவார்கள்?"

"நீங்கள் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும்."

"நான் யாரையெல்லாம் கூப்பிட வேண்டும்?"

"பெண்களையும்" என்றாள் நெஜ்மியே. அதில் வாக்கு மீறல் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் லுக்மிரிலிருந்து ஒரு சிற்றுந்து நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெய்க்கோ குடியிருந்தது நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஒவ்வொருவர் கையிலும் காபித்தூள், சர்க்கரை, பழரசப் பெட்டி. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. கனிமெத்தே இரண்டு பையன்களையும் இடுப்பில் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்திருந்தாள். கதவுக்கு வெளியே காலணிகள் குவிந்தன. உள்ளே வெய்க்கோ காலையிலிருந்து தானே சுட்ட இலவங்கப்பட்டை ரொட்டிகளோடு, கையில் ஒட்டிய மாவைத் துடைக்கக்கூட மறந்து நின்றார். வீட்டில் ஒரே ஒரு சோபா, இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் முக்காலி. பெரிய மனிதர் ஒற்றைக்கட்டை.

அங்கேதான் அவர் அந்தத் தவறைச் செய்தார். லுக்மிரில் யார் எங்கே உட்காருவது என்பது பிறக்கும்போதே தீர்மானமாகிவிட்ட விஷயம். தலைமை இடம் வயதில் மூத்தவருக்கு, மருமகள்கள் கதவோரம். வெய்க்கோவோ இரண்டு குழந்தைகளைச் சுமந்து நாலு மாடி ஏறி வந்தவளைப் பார்த்தார், கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப் போய் சோபாவின் நடுவில், ஜன்னலுக்கு நேராக, எல்லோரும் பார்க்கிற தலைமை இடத்தில் உட்கார வைத்தார். ஸைமெரை முக்காலி பக்கம் காட்டினார். அது சமையலறைக் கதவையொட்டி, குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது.

கனிமெத்தேயின் முகம் வெளிறிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள். நெஜ்மியே மொழிபெயர்க்க எதுவும் இல்லாமல் கையைப் பிசைந்தாள். போச்சு, எல்லாம் போச்சு, மனிதர் இப்போதே மாடியிறங்கிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள்.

ஸைமெர் முக்காலியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு போய் முக்காலியில் உட்கார்ந்து முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"உக்காரும்மா. உக்கார வச்சது வீட்டுக்காரரு. அவரு வீடு, அவரு இஷ்டம்."

ரொட்டி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள். தண்ணீர்மாதிரி இருக்கு என்று ஒரு கிழவர் முணுமுணுத்ததை நெஜ்மியே மொழிபெயர்க்கவில்லை. பிறகு பேச்சு நின்றது. தலைமை இடத்தில் இருப்பவர் பேச்சை ஆரம்பிப்பதுதான் முறை. எல்லோரும் கனிமெத்தேயைப் பார்த்தார்கள். அவள் பாதி கடித்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள்.

"என்னைய ஏன் பாக்குற?" என்றார் ஸைமெர். "நான் குப்பக்கூடைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். பேசு. நாம இப்ப விருந்தாளி. விருந்தாளி என்ன வேணாலும் கேக்கலாம்."

நெஜ்மியே தன் காதுகளை நம்பவில்லை. பெரியப்பாவுக்கும் சிவப்பு விளக்கு எங்கோ பச்சையாகியிருந்தது.

"ஐயா," என்றாள் கனிமெத்தே. "எங்களுக்குப் பால் நிலையம் வேண்டாம்." அந்த "வேண்டாம்" வெளியே வந்ததும் மீதியெல்லாம் மடை திறந்தது. தையல் கம்பெனி, திங்கட்கிழமை, பையன்கள், தெருவிலிருக்கும் மற்றப் பெண்கள், வல்தெத்தே படித்த படிப்பு. "பால்வாடி ஒண்ணு போதும் ஐயா. எங்க ஊருல மாடே இல்ல. நீங்க பாத்தது அடுத்த ஊரு மாடு."

நெஜ்மியே ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

வெய்க்கோ கையிலிருந்த மாவை மெதுவாகத் தட்டினார்.

"தெரியும்" என்றார்.

"என்னது?" என்றாள் நெஜ்மியே.

"என் அப்பா மாடு வளர்த்தவர். மாடு சாயங்காலம் புல்லுக்குப் போகாது, வீட்டுக்குத்தான் போகும். எல்லா மாடும் மலைக்கு அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேனே."

ஸைமெர் முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அப்ப ஏன்யா சொல்லல?"

நெஜ்மியே அந்த "யா"வை விட்டுவிட்டு மீதியை மொழிபெயர்த்தாள்.

"உங்கள் வீட்டில் உட்கார்ந்து, உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, உங்களைப் பார்த்து இது உங்கள் மாடு இல்லை என்று எப்படிச் சொல்வது?" வெய்க்கோவின் காது சிவந்திருந்தது. "அதனால்தான் திரும்பத் திரும்ப வந்தேன். யாராவது சொல்வீர்கள் என்று. நாளைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை."

பிறகு ஸைமெர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணில் நீர் வழிய, பக்கத்திலிருந்தவர் முதுகில் தட்டுகிற அளவுக்குச் சிரித்தார். "தேன் போச்சேடா!" என்றார் நடுவில். அறை மொத்தமும் அதிர்ந்தது.

சிரிப்பு அடங்கியதும் வெய்க்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பால்வாடிக்குப் பணம் தருகிறேன் என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. இது பாலுக்கு என்று ஒதுக்கியது. தலைநகரத்தில் கேட்க வேண்டும். மாற்றித் தருவார்கள் என்றுதான் நினைக்கிறேன், உறுதியில்லை. மாற்றினாலும் கட்டடம் சரிசெய்ய, சாமான் வாங்க மட்டும்தான். டீச்சர் சம்பளம் ஊரும் நகராட்சியும்தான் பார்க்க வேண்டும். எப்படியும் குளிர்காலம் ஆகிவிடும்."

இதை மொழிபெயர்க்கும்போது நெஜ்மியேவின் குரல் கம்மியது. வீட்டுக்கு வந்தவர்களின் முகத்துக்கு நேரே முடியாது என்கிறாரே என்று பயந்தாள். ஆனால் ஸைமெர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை நீட்டிக் கேட்டார், இத்தனை வருடத்தில் எந்த உதவிக்காரர் பேச்சையும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

"இந்தா, இவன் மனுஷன்" என்றார். "முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சவன் முடியும்னு சொன்னா நம்பலாம்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். பழைய பள்ளிக்கூடத்தின் கீழறையில் வைக்கலாம் என்றார் ஒருவர். சுவர் ஒழுகுது, புள்ளைங்களுக்குச் சளி பிடிக்கும் என்று இரண்டு பெண்கள் பாய்ந்தார்கள். கணினி அறையைக் காலி செய்யலாம் என்றார் இன்னொருவர். என் வெங்காயத்த எங்க போடுறது என்று வெங்காயக்காரர் எகிறினார். மூலையில் இருந்த வல்தெத்தே, இதுவரை வாய் திறக்காதவள், எழுந்து நின்று சொன்னாள்: "எனக்குச் சம்பளம் வேணும். தேன் குடுத்து ஏமாத்துனா வரமாட்டேன்." வேலைக்குப் போகிற ஒவ்வொருத்தியும் இவ்வளவு தருவது என்று பெண்கள் அவர்களுக்குள் பேசி முடித்தார்கள். புருஷன்மாரைக் கேட்க வேண்டாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. லுக்மிர்காரர்கள் ஒருவரையொருவர் இத்தனை தடவை மறுத்துப் பேசி நெஜ்மியே பார்த்ததில்லை. மொழிபெயர்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். வெய்க்கோ எதையும் கேட்காமல் புரிந்துகொண்டவர்போல் ரொட்டித் தட்டைச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"குளிர்காலம் வரைக்கும்?" என்றாள் கனிமெத்தே. சத்தம் போடாமல்தான் கேட்டாள், ஆனால் தலைமை இடத்திலிருந்து கேட்டதால் எல்லோருக்கும் கேட்டது. "திங்கக்கிழமை எனக்கு என்ன வழி?"

பையன்களில் ஒருவன் முக்காலிக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஸைமெர் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவன் அவர் தலையிலிருந்த புதுத் தொப்பியைப் பறித்தான்.

"ஊருலயே பெரிய ரூமு என்னோட விருந்தாளி ரூமுதான்" என்றார், பேரனிடம் சொல்வதுபோல. "சுவரு ஒழுகாது. அடுப்பு இருக்கு. பால்வாடி கட்டி முடியிற வரைக்கும் அது அங்கயே நடக்கட்டும்."

"வர்ற விருந்தாளிங்கள எங்க உக்கார வைப்பீங்க ஸைமெர்?" என்று காபியைக் குறைசொன்ன கிழவர் அதிர்ந்துபோய்க் கேட்டார்.

"முக்காலி ஒண்ணு வாங்கிக்கறேன்."

நெஜ்மியேவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அறைக்கு வெளியே, கதவோரமாக நின்று தட்டு நீட்டியே வளர்ந்தவள் அவள். அவளுக்குத் தெரியும் அந்த மனிதர் என்ன கொடுக்கிறார் என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெய்க்கோவுக்கு ஒவ்வொரு வார்த்தையாக மொழிபெயர்த்தாள்.

புறப்படும்போது மாடிப்படியில் காலணிக் குவியலுக்குள் ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். கனிமெத்தே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஆமாங்க, கனிமெத்தே பேசறேன். திங்கக்கிழமை காலையில வந்துடறேங்க... இல்லீங்க, நல்லா யோசிச்சுட்டேன்... ரெண்டு பசங்க. பாத்துக்க இடம் இருக்குங்க." அதைச் சொல்லும்போது அவள் கண் மாமனாரைத் தேடியது. ஸைமெர் குனிந்து காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

"ஏழு மணிக்கே கதவு தொறந்திருக்கும்னு சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள்.

"மாமா, அந்த ரூமுல அத்தை நெய்த பெரிய கம்பளம் கெடக்கு. பசங்க பாழாக்கிடுவானுங்க. ஞாயித்துக்கிழமையே சுருட்டி எடுத்து வச்சுடறேன்."

"அத எதுக்குச் சுருட்டுற?" என்றார் ஸைமெர். "வர்ற புள்ளைங்களை வெறுந்தரையிலயா உக்கார வைப்ப?"